‘கண்டுகொள்ளப்படாத’ இசைக்குழுக்கள்: கண்ணை மூடிக்கொண்டது யார்?

எண்பதுகளின் ராக் இசையில் ஊறிய ரசிகர்கள் நான்கு பேர் ஓரிடத்தில் கூடினால், பேச்சு எப்படிச் சுற்றினாலும் இரண்டு கேள்விகளில் வந்து நிற்கும். அந்தப் பத்தாண்டின் சிறந்த ஆல்பம் எது? தகுதி இருந்தும் கண்டுகொள்ளப்படாமல் போன இசைக்குழு எது? முதல் கேள்விக்கு தி கிளாஷ், யு2, ஆர்.இ.எம்., புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் என்று பதில்கள் வரிசையாக வரும். இரண்டாவது கேள்விக்கு ஆளுக்கொரு பெயர். அதில்தான் சண்டையும் சுவாரசியமும் அதிகம்.

எங்களில் பலர் எண்பதுகளின் கடைசியிலோ தொண்ணூறுகளின் தொடக்கத்திலோ பிறந்தவர்கள். கல்லூரி விடுதியில் ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்குப் பென் டிரைவில் தாவிய பாடல்கள் வழியாகத்தான் இந்த இசை எங்களுக்கு வந்து சேர்ந்தது. ராக் என்றால் நீண்ட முடி வளர்த்த வெள்ளைக்கார இளைஞர்கள் கிட்டாரோடு நிற்கும் போஸ்டர் என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம். லிவிங் கலர் என்ற அமெரிக்கக் குழுவின் வீடியோவை முதன்முதலில் பார்த்தபோது, மேடையில் நின்ற நான்கு பேரும் கறுப்பர்கள் என்பது எங்களுக்கே வியப்பாக இருந்தது. ஒடுக்குமுறை பற்றி நாள்தோறும் பேசுகிற நமக்கு அந்த வியப்பு எங்கிருந்து வந்தது? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குகிறது.

‘கண்டுகொள்ளப்படவில்லை’ என்ற சொல்லைக் கவனியுங்கள் தோழர்களே. அது செயப்பாட்டு வினை. கண்டுகொள்ளாதவர் யார் என்று அது சொல்வதில்லை. மழை பெய்யவில்லை என்பதுபோல, அது இயற்கையாக நடந்துவிட்ட ஒன்று என்ற எண்ணத்தை நமக்குள் விதைக்கிறது. ஆனால் எண்பதுகளின் அமெரிக்க ராக் இசையில் கறுப்பினக் குழுக்கள் ‘கண்டுகொள்ளப்படாமல்’ போனதற்கு வானொலி, தொலைக்காட்சி, இசைத்தட்டு நிறுவனம், பத்திரிகை என்று தெளிவான முகவரிகள் உண்டு.

ராக் யாருடைய வீடு?

முதலில் ஒரு அடிப்படைச் செய்தி. ராக் அண்ட் ரோல் கறுப்பின மக்களின் புளூஸ், காஸ்பல், ரிதம் அண்ட் புளூஸ் மரபுகளிலிருந்து பிறந்தது. சிஸ்டர் ரொசெட்டா தார்ப் என்ற கறுப்பினப் பெண் நாற்பதுகளிலேயே எலெக்ட்ரிக் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு தேவாலயப் பாடல்களை அதிரவைத்தவர். எல்விஸ் பிரெஸ்லி 1956-இல் பாடி உலகப்புகழ் பெற்ற ‘ஹவுண்ட் டாக்’ பாடலை, 1952-லேயே பிக் மாமா தார்ன்டன் என்ற கறுப்பினப் பெண் பாடிப் பதிவு செய்திருந்தார். ராக் அண்ட் ரோல் புகழவை தன் முதல் கௌரவப் பட்டியலை 1986-இல் அறிவித்தது. 1973-இல் இறந்துபோன ரொசெட்டா தார்ப் அந்த அவைக்குள் நுழைய 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பெயர் வைப்பதிலும் அரசியல் இருந்தது. அமெரிக்க இசை வணிகத்தின் முதன்மைப் பத்திரிகையான பில்போர்டு, கறுப்பின மக்கள் வாங்கும் பாடல்களின் தரவரிசைக்கு நாற்பதுகளில் ‘ரேஸ் ரெக்கார்ட்ஸ்’, அதாவது ‘இனத்துக்கான இசைத்தட்டுகள்’ என்று பெயர் வைத்திருந்தது. 1949-இல் அது ‘ரிதம் அண்ட் புளூஸ்’ ஆனது, பிறகு ‘சோல்’ ஆனது. 1982-இல் அதே தரவரிசைக்கு ‘பிளாக்’ என்றே பெயரிட்டார்கள். 1990 வரை அந்தப் பெயர் நீடித்தது. ஆக, எண்பதுகளின் பெரும்பகுதியில் ஒரு பாடல் எந்த வரிசையில் நிற்க வேண்டும் என்பதை இசையின் வகையோடு சேர்த்துத் தோலின் நிறமும் முடிவு செய்தது. கிட்டாரை எடுத்து ராக் வாசிக்கும் கறுப்பின இளைஞனை எந்த வரிசையில் நிறுத்துவது? அவனுக்கு இடம் இல்லாதபடிதான் அலமாரியே அடிக்கப்பட்டிருந்தது.

கதவைச் சாத்திய தொலைக்காட்சி

எண்பதுகள் தொடங்குவதற்குச் சில மாதங்களுக்கு முன், 1979 ஜூலை 12 அன்று, சிகாகோவின் கோமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில் ஒரு வானொலி அறிவிப்பாளரின் ஏற்பாட்டில் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். டிஸ்கோவை வளர்த்தெடுத்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பர்கள், லத்தீன் அமெரிக்கர்கள், தன்பாலின ஈர்ப்பாளர்கள். அன்று அந்த மைதானத்தில் பணியாளராக நின்ற வின்ஸ் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞர் பின்னாளில் ஒன்றை நினைவுகூர்ந்தார். மக்கள் கொண்டுவந்து போட்ட தட்டுகளில் பல டிஸ்கோவே இல்லை, வெறுமனே கறுப்பினக் கலைஞர்களின் தட்டுகள் என்றார். அதே வின்ஸ் லாரன்ஸ் சில ஆண்டுகளில் சிகாகோவில் பிறந்த ஹவுஸ் இசையின் முன்னோடிகளில் ஒருவரானார். எரித்த ஊரிலேயே புதிய இசை முளைத்தது என்பது ஆறுதலான செய்திதான். ஆனால் ‘டிஸ்கோ ஒழிக’ என்ற கூச்சலுக்குப் பிறகு வெள்ளையின இளைஞர்களுக்கான ராக் வானொலிகளில் கறுப்பினக் குரல்கள் மேலும் சுருங்கின.

1981 ஆகஸ்ட் 1 அன்று எம்.டி.வி. தொடங்கியது. எண்பதுகளை நினைவுகூரும் ரசிகர்கள் யாரும் இந்தப் பெயரைச் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். ஒரு தலைமுறையின் ரசனையையே உருவாக்கிய அலைவரிசை அது. தொடக்க ஆண்டுகளில் அதில் கறுப்பினக் கலைஞர்களைப் பார்ப்பது அரிது. தாங்கள் ராக் அலைவரிசை என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். ரிக் ஜேம்ஸ் தன் ‘சூப்பர் ஃப்ரீக்’ பாடலின் வீடியோ நிராகரிக்கப்பட்டபோது வெளிப்படையாகவே அதை நிறவெறி என்று சாடினார். 1983 ஜனவரியில் டேவிட் போவி, எம்.டி.வி.க்கே கொடுத்த பேட்டியில், உங்கள் அலைவரிசையில் ஏன் இவ்வளவு குறைவான கறுப்பினக் கலைஞர்கள் என்று தொகுப்பாளரைத் திருப்பிக் கேட்டார். நியூயார்க்கையும் லாஸ் ஏஞ்சல்ஸையும் மட்டும் மனதில் வைத்து ஒளிபரப்ப முடியாது, நாட்டின் உள்பகுதிகளில் பிரின்ஸ் போன்ற கறுப்பின முகங்களைப் பார்த்தால் மிரண்டுபோகும் ஊர்களும் இருக்கின்றன என்ற பொருளில் பதில் வந்தது.

இந்தப் பதிலை நிதானமாகப் படியுங்கள். அவர் தன் வெறுப்பைச் சொல்லவில்லை, ‘நேயர்களின் அச்சத்தை’ முன்வைத்தார். நாங்கள் தவறாக நினைக்கவில்லை, மற்றவர்கள் ஏற்க மாட்டார்கள் என்ற இந்த வாதம் நமக்குப் பழகிய வாதம்.

அதே 1983 மார்ச்சில் மைக்கேல் ஜாக்சனின் ‘பில்லி ஜீன்’ எம்.டி.வி.யில் ஓடத் தொடங்கியது. அந்தப் பாடல் இடம்பெற்ற ‘திரில்லர்’ ஆல்பம் பில்போர்டு வரிசையில் 37 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. மிரண்டுபோவதாகச் சொல்லப்பட்ட ஊர்கள் எல்லாம் அதை வாங்கித் தீர்த்தன. ஆனால் கதவு திறந்தது உலகின் மிகப்பெரிய நட்சத்திரத்துக்கு. நான்கைந்து பேராகச் சேர்ந்து கிட்டார் வாசிக்கும் கறுப்பினக் குழுக்களுக்கு அது பாதிதான் திறந்தது.

மஞ்சள் நிறக் கேசட்டும் பள்ளிப் பேருந்தும்

அந்தக் குழுக்களில் முதலில் பேட் பிரெய்ன்ஸ். வாஷிங்டன் நகரத்துக் கறுப்பின இளைஞர்கள். ஜாஸ் கலவை இசையில் தொடங்கி, பங்க் இசையைக் கேட்டு, அதைவிடப் பல மடங்கு வேகமாக வாசிக்கப் பழகியவர்கள். ஹார்ட்கோர் பங்க் என்று இன்று உலகம் அழைக்கும் இசை வகையை உருவாக்கியவர்களில் முதல் வரிசையில் வருபவர்கள். அதே மேடையில் வேகத்தை நிறுத்திவிட்டு ரெகேவும் வாசிப்பார்கள். 1982-இல் அவர்களின் முதல் ஆல்பம் கேசட்டாக மட்டுமே வெளிவந்தது. மஞ்சள் அட்டை, அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தின் குவிமாடத்தைத் தாக்கும் மின்னல். 1986-இல் வந்த ‘ஐ அகெய்ன்ஸ்ட் ஐ’ ஆல்பத்தில் ஒரு பாடலைப் பாடகர் எச்.ஆர். சிறையிலிருந்து தொலைபேசி வழியாகப் பாடிப் பதிவு செய்தார். இவர்களைக் கேட்டு வளர்ந்த வெள்ளையினக் குழுக்கள் பின்னாளில் பெரிய அரங்குகளை நிரப்பின. பேட் பிரெய்ன்ஸின் பெயர் ‘இசைக்கலைஞர்களின் இசைக்குழு’ என்ற பாராட்டோடு நின்றது. அந்தப் பாராட்டு வாடகை கட்ட உதவாது.

அடுத்து ஃபிஷ்போன். இவர்களின் கதையில் சமூகவியல் மாணவர்களுக்குப் பாடமே இருக்கிறது. எழுபதுகளின் கடைசியில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் பள்ளிகளில் இருந்த இனப்பிரிவினையை உடைக்க, கறுப்பினப் பகுதிப் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி வெள்ளையினப் பகுதிப் பள்ளிகளுக்கு அனுப்பும் திட்டம் நடந்தது. தெற்கு லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்குக்கு அப்படிப் போன சிறுவர்கள், அங்கே ஏற்கனவே குடியிருந்த ஏஞ்சலோ மூர் என்ற கறுப்பினச் சிறுவனைச் சந்தித்து 1979-இல் தொடங்கிய குழுதான் ஃபிஷ்போன். வீட்டுப் பக்கத்தில் கேட்ட ஃபங்க், பள்ளிக்கூடத்துப் பக்கத்தில் கேட்ட ராக், பங்க், ஸ்கா எல்லாம் அவர்கள் இசையில் ஒன்றாகக் கொதித்தன. 1985-இல் முதல் வெளியீடு. 1988-இல் ‘ட்ரூத் அண்ட் சோல்’.

பெரிய நிறுவனம் ஒன்று அவர்களை ஒப்பந்தம் செய்தும் என்ன நடந்தது? அந்தக் காலப் பெரிய இசை நிறுவனங்களில் கறுப்பின இசைக்குத் தனிப்பிரிவு, ராக் இசைக்குத் தனிப்பிரிவு. இந்தக் குழுவை யார் விற்பது என்பதே சிக்கலானது. கறுப்பின வானொலிக்கு அவர்கள் ‘வெள்ளை’, ராக் வானொலிக்கு அவர்கள் ‘கறுப்பு’. இன்றும் கலிஃபோர்னியாவின் புகழ்பெற்ற வெள்ளையின ராக் இசைக்கலைஞர்கள் பலர் ஃபிஷ்போனைத் தங்கள் ஆசான்களாகச் சொல்கிறார்கள். 2010-இல் வெளிவந்த ‘எவ்ரிடே சன்ஷைன்’ என்ற ஆவணப்படத்தில் அந்தச் சாட்சியங்களைப் பார்க்கலாம். மாணவர்கள் புகழடைந்தார்கள், ஆசான்கள் சிறிய அரங்குகளில் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

புலம்பலிலிருந்து அமைப்புக்கு

இந்த வரலாற்றில் இளம் செயற்பாட்டாளர்கள் அதிகம் கவனிக்க வேண்டிய பகுதி இதுதான். 1985-இல் நியூயார்க்கில் கிட்டார் கலைஞர் வெர்னன் ரீட், எழுத்தாளரும் இசை விமர்சகருமான கிரெக் டேட், தயாரிப்பாளர் கோண்டா மேசன் ஆகியோர் சேர்ந்து ‘பிளாக் ராக் கோலிஷன்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். கறுப்பர்கள் ராக் வாசித்தால் விற்காது என்று நிறுவனங்கள் சொல்லிக்கொண்டிருந்தபோது, இசைக்கலைஞர்களும் எழுத்தாளர்களும் ரசிகர்களும் ஒரே அறையில் உட்கார்ந்து பேசினார்கள். கிரெக் டேட்டின் கையில் ஒரு அறிக்கை உருவானது. ராக் அண்ட் ரோல் கறுப்பின இசை, நாங்கள் அதன் வாரிசுகள் என்பதுதான் அதன் சாரம். சலுகை கேட்கும் தொனி அதில் கிடையாது. உள்ளே விடுங்கள் என்று அவர்கள் கெஞ்சவில்லை, இது எங்கள் வீடு என்றார்கள். அறிக்கையோடு நிற்காமல், தாங்களே கச்சேரிகளை நடத்தினார்கள், புதிய குழுக்களுக்கு மேடை கொடுத்தார்கள்.

அந்த அமைப்பின் அலையில் எழுந்ததுதான் வெர்னன் ரீடின் குழுவான லிவிங் கலர். 1988-இல் வந்த ‘விவிட்’ ஆல்பம் பில்போர்டு வரிசையில் ஆறாம் இடம் வரை ஏறியது. அதன் முதல் பாடலான ‘கல்ட் ஆஃப் பெர்சனாலிட்டி’ மால்கம் எக்ஸின் பதிவுசெய்யப்பட்ட குரலோடு தொடங்கும். தலைவர்களை வழிபடும் மனநிலையைக் கேள்வி கேட்கும் அந்தப் பாடல் 1990-இல் கிராமி விருது பெற்றது. அதே ஆல்பத்தில், ஏழை மக்களின் குடியிருப்பை அழித்து லாபம் பார்க்கும் வீட்டு உரிமையாளருக்கு ஒரு திறந்த மடல் இருக்கிறது. கறுப்பர் என்பதாலேயே தெருவில் சந்தேகத்தோடு பார்க்கப்படும் வலி இன்னொரு பாடலில் இருக்கிறது. எண்பதுகளின் ராக் என்றால் காதலும் கேளிக்கையும் மட்டுமே என்று நினைப்பவர்கள் இந்த ஆல்பத்தை ஒருமுறை முழுதாகக் கேட்டுப் பார்க்கட்டும்.

1989 அக்டோபரில் லாஸ் ஏஞ்சல்ஸ் கொலிசியம் மைதானத்தில் ரோலிங் ஸ்டோன்ஸ் கச்சேரி. அவர்களுக்கு முன்பாக வாசிக்க லிவிங் கலர், கன்ஸ் அண்ட் ரோசஸ் இரண்டு குழுக்களும் அழைக்கப்பட்டிருந்தன. கன்ஸ் அண்ட் ரோசஸ் அதற்கு முந்தைய ஆண்டு வெளியிட்ட ஒரு பாடலில் கறுப்பர்களையும் புலம்பெயர்ந்தோரையும் தன்பாலின ஈர்ப்பாளர்களையும் இழிவுபடுத்தும் சொற்கள் இருந்தன. மைதானம் நிறைந்த, பெரும்பாலும் வெள்ளையினக் கூட்டத்தின் முன் வெர்னன் ரீட் மேடையிலேயே அதைக் கண்டித்துப் பேசினார். புதிதாக மேலே வந்துகொண்டிருந்த ஒரு குழுவுக்கு அது ஆபத்தான செயல். வாய்ப்பு கொடுத்ததே பெரிது, வாயை மூடிக்கொண்டிரு என்ற எதிர்பார்ப்பை அவர் மறுத்தார்.

பட்டியல் போட்டவர்கள்

1989-இன் இறுதியில் ரோலிங் ஸ்டோன் பத்திரிகை, பத்தாண்டின் சிறந்த 100 ஆல்பங்களைப் பட்டியலிட்டது. முதலிடம் தி கிளாஷ் குழுவின் ‘லண்டன் காலிங்’. முதல் பத்து இடங்களில் பிரின்ஸ், மைக்கேல் ஜாக்சன், டிரேசி சாப்மன் ஆகிய மூன்று கறுப்பினக் கலைஞர்கள் இருந்தார்கள். முழுப் புறக்கணிப்பு என்று சொன்னால் அது பொய். ஆனால் நான்காம் இடத்தையும் ஐந்தாம் இடத்தையும் பாருங்கள். டாக்கிங் ஹெட்ஸ் குழுவின் ‘ரிமெய்ன் இன் லைட்’, நைஜீரியாவின் ஃபெலா குட்டி வளர்த்த தாளக்கட்டுகளிலிருந்து ஊக்கம் பெற்றது. பால் சைமனின் ‘கிரேஸ்லேண்ட்’, தென்னாப்பிரிக்கக் கறுப்பின இசைக்கலைஞர்களின் வாசிப்பின் மேல் எழுந்தது. தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான பண்பாட்டுப் புறக்கணிப்பு நடந்துகொண்டிருந்தபோது அங்கே போய்ப் பதிவு செய்ததால் கடும் விமர்சனத்துக்கும் ஆளானது. ‘லண்டன் காலிங்’ ஆல்பத்திலும் ஜமைக்காவின் ரெகே கலந்திருக்கிறது. இந்த ஆல்பங்கள் நல்லவை அல்ல என்று நாங்கள் சொல்லவில்லை. நாங்களும் அவற்றின் ரசிகர்கள்தான். கறுப்பின இசை கலந்ததற்காக வெள்ளையினக் கலைஞர் ‘எல்லைகளைக் கடந்தவர்’ என்று புகழப்படுகிறார். ராக் வாசித்ததற்காகக் கறுப்பினக் கலைஞர் ‘எந்த வகையிலும் அடங்காதவர்’ என்று ஒதுக்கப்படுகிறார். எல்லையைக் கடக்கும் உரிமை ஒரு பக்கத்தவருக்கு மட்டும் இருந்தது என்பதே எங்கள் வாதம்.

பட்டியல் போட்டவர்கள் யார் என்ற கேள்விக்கு விடை 2023-இல் தெளிவாகக் கிடைத்தது. ரோலிங் ஸ்டோன் பத்திரிகையின் நிறுவனர்களில் ஒருவரும், ராக் புகழவையைத் தொடங்கியவர்களில் ஒருவருமான ஜான் வென்னர், தான் எடுத்த பேட்டிகளை நூலாக வெளியிட்டார். அதில் இடம்பெற்ற ஏழு பேரும் வெள்ளையின ஆண்கள். ஏன் என்று நியூயார்க் டைம்ஸ் கேட்டபோது, பெண்களும் கறுப்பினக் கலைஞர்களும் அந்த அறிவுத் தளத்தில் பேசக்கூடியவர்களாக இல்லை என்ற பொருளில் பதில் சொன்னார். எதிர்ப்பு வெடித்தது. அவர் மன்னிப்புக் கேட்டார். புகழவையின் நிர்வாகக் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். ஆனால் அதற்குள் ஐம்பது ஆண்டுகள் போய்விட்டன. எது செவ்வியல், எது சாதாரணம் என்று உலகத்துக்குக் கற்றுக்கொடுத்த கை அது.

பட்டியல் மாறாதது அல்ல என்பதற்கும் அதே பத்திரிகை சாட்சி. எல்லாக் காலத்துக்குமான 500 சிறந்த ஆல்பங்கள் என்று 2003-இல் வெளியிட்ட பட்டியலில் பீட்டில்ஸ் குழு முதலிடத்தில் இருந்தது. 2020-இல் வேறு கலைஞர்களையும் விமர்சகர்களையும் வாக்களிக்க அழைத்தபோது மார்வின் கே பாடிய ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ முதலிடத்துக்கு வந்தது. இரண்டு ஆல்பங்களும் பழையவை. ஒரு சுரம்கூட மாறவில்லை. வாக்களித்தவர்கள் மாறினார்கள்.

மூன்று சகோதரர்களின் ஒலிநாடா

டெட்ராய்ட் நகரத்தின் ஹேக்னி சகோதரர்கள் மூவர் எழுபதுகளின் நடுவில் ‘டெத்’ என்ற பெயரில் குழு அமைத்து, பங்க் என்ற சொல் பரவும் முன்பே அந்த வேகத்தில் வாசித்தார்கள். பெயரை மாற்றினால் ஒப்பந்தம் என்றார்கள். மூத்தவர் டேவிட் மறுத்தார். இசைத்தட்டு நின்றுபோனது. எண்பதுகளில் மற்ற இரு சகோதரர்கள் வெர்மான்ட் மாநிலத்தில் ரெகே வாசித்து வாழ்ந்தார்கள். டேவிட் 2000-இல் புற்றுநோயால் இறந்தார். இந்த ஒலிநாடாக்களைத் தேடி ஒருநாள் உலகம் வரும், பத்திரமாக வைத்திரு என்று தம்பியிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தார். 2009-இல் அந்தப் பதிவுகள் ஆல்பமாக வெளிவந்தன. உலகம் வந்தது, டேவிட் இல்லை.

‘காலம் ஒருநாள் நீதி வழங்கும்’ என்று சிலர் இந்தக் கதையைச் சொல்லி முடிப்பார்கள். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. நீதி வழங்கியது காலம் அல்ல. நாடாவைத் தூக்கி எறியாமல் வைத்திருந்த ஒரு குடும்பம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பேட் பிரெய்ன்ஸ் குழுவின் எச்.ஆர். 1982-இல் ஆஸ்டின் நகரில், தன்பாலின ஈர்ப்பாளரான சக இசைக்கலைஞர் ஒருவரிடம் நடந்துகொண்ட விதம் பங்க் உலகில் இன்றும் பேசப்படுகிறது. ஒடுக்கப்பட்டவர் என்பதால் ஒருவர் இன்னொருவரை ஒடுக்கமாட்டார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மேலும் இந்தக் கட்டுரையில் நாங்கள் விரித்து எழுதிய குழுக்களைத் திரும்பிப் பாருங்கள். எல்லாம் ஆண்கள். ரொசெட்டா தார்ப்பையும் பிக் மாமா தார்ன்டனையும் தொடக்கத்தில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டோம். மாற்றுப் பட்டியல் போடும் நமது கைகளிலும் பழைய பழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கடல் கடந்த இந்தக் கதை நமக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒன்று. 1972-இல் மராட்டியத்தில் எழுந்த தலித் பாந்தர்கள் தங்கள் பெயரைக் கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து எடுத்தார்கள். 2018-இல் சென்னை மேடையேறிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் கானாவோடு ராக்கையும் ராப்பையும் சேர்த்தது. அந்த கிட்டார் சத்தம் வெள்ளையரின் வீட்டிலிருந்து கடன் வாங்கியது என்று யாராவது சொன்னால், அது எந்த வீட்டில் பிறந்தது என்று இனி உங்களால் சொல்ல முடியும்.

அடுத்த முறை யாராவது ஒரு குழுவைப் பற்றி ‘பாவம், கண்டுகொள்ளப்படாமல் போய்விட்டார்கள்’ என்று சொன்னால், அந்த வாக்கியத்துக்கு எழுவாய் கேளுங்கள். எந்த வானொலி ஒலிபரப்பவில்லை? எந்த அலுவலகம் எந்த அலமாரியில் போட்டது? பட்டியலை எழுதியது யார்? பிறகு, உங்கள் தெருவில் வாசித்தவர்களின் பெயர்களையும், வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழைய கேசட்டுகளையும், அவர்கள் உயிரோடு இருக்கும்போதே ஒரு நோட்டில் குறித்துவைக்கத் தொடங்குங்கள்.